முந்திரிகைப் பந்தலில் தொங்கிய தேர்த்திருவிழா

எங்கள் ஒழுங்கையில் முதன்முதலாக டிவிடி றெக்கோடர் வந்து இறங்கியது என் வீட்டில்தான். இதை நான் எழுதி வைக்காவிட்டால் வேறு ஒருவரும் எழுதப் போவதில்லை. எங்கள் ஊர் இணுவிலில் படித்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் தங்களைப் பற்றித்தான் எழுதுவார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். இறைப்பு மெசின் திருத்தப் பழகி, பிறகு மெசின் வாங்கி விற்று, பிறகு சம்பளத்துக்கு ஆள் வைத்துக் கடை நடத்தி, கல்வீடு கட்டி, ஒரே மகளைப் படிப்பித்து லண்டனுக்குக் கலியாணம் செய்து அனுப்பியவன். வலிகாமத்துத் தோட்டக் கிணறுகளில் இன்றைக்கும் தண்ணீர் இறைக்கிற மெசின்களில் அரைவாசியாவது என் கை பட்டதாக இருக்கும். சந்தேகம் என்றால் எந்தத் தோட்டத்திலும் கேட்டுப் பாருங்கள்.

றெக்கோடரைக் கொண்டுவந்தது மகள். சண்டை முடிந்து பாதை திறந்த பிறகு முதல்முறை ஊருக்கு வந்தபோது, தன் உடுப்புகளுக்கு நடுவில் துவாய் சுற்றிக் கொண்டுவந்தாள். ரீவியில் போகிறதை வெறும் டிவிடியில் பதிந்து தரும், பிறகு வேண்டிய நேரம் போட்டுப் பார்க்கலாம் என்றாள். அங்கே ஆட்கள் அதை விட்டுவிட்டு வேறு எதற்கோ மாறிவிட்டார்களாம், கடையில் விலை விழுந்துவிட்டதாம். அதனால்தான் அது அப்பாவுக்கு வந்தது என்பது எனக்கு விளங்காமல் இல்லை. வெளிநாட்டில் கழிக்கிறதெல்லாம் கடைசியில் யாழ்ப்பாணத்து அலுமாரியில்தான் வந்து குந்தும். ஆனாலும் வாங்கி ரீவிக்குப் பக்கத்தில் வைத்தேன். மெசின் மெசின்தான்.

அதனோடு ஒரு தடித்த புத்தகமும் வந்தது. எத்தனையோ பாஷையில் எழுதியிருந்தார்கள், தமிழ் மட்டும் இல்லை. ரீவி மேசையின் ஒரு கால் நெடுநாளாக ஆடிக்கொண்டிருந்தது. அந்தக் காலுக்குக் கீழே புத்தகத்தைக் கொடுத்தேன், ஆட்டம் நின்றது. ஒரு மெசினைப் படிக்க எனக்குப் புத்தகம் தேவைப்பட்டதில்லை. இரண்டு நாள் றிமோற்றைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். மூன்றாம் நாள் கோவில் திருவிழா, பட்டிமன்றம், மனுசியின் சீரியல் எல்லாம் டிவிடியில் ஏறத் தொடங்கின.

எல்லாரும் பதிவார்கள். விளம்பரம் இல்லாமல் பதிகிறவன் நான் ஒருவன்தான். சீரியலில் விளம்பரம் வருகிறதென்றால் அதற்கு முன் ஒரு சாடை தெரியும். மாமியாரின் முகத்தை மூன்று தரம் காட்டுவார்கள், மத்தளம் உயரும், அந்த மூன்றாவது முகத்தில் றிமோற்றை அமத்த வேண்டும். திரும்பத் தொடங்கும்போதும் அப்படித்தான், முதல் சொல்லு விழ முன்னமே விட வேண்டும். என் டிவிடியைப் பார்க்கிறவனுக்கு இடையில் விளம்பரம் வந்ததே தெரியாது. வெட்டின இடத்தைக் கண்டுபிடித்துக் காட்டு என்று எத்தனை பேரிடம் பந்தயம் கட்டியிருக்கிறேன்.

மனுசிக்கு இந்த வித்தையில் அவ்வளவு மரியாதை இல்லை. பதிந்த சீரியலைப் போட்டால், நான் பக்கத்துக் கதிரையில் இருந்து, இந்த இடத்தில் வெட்டினேன், அந்த இடத்தில் வெட்டினேன் என்று காட்டுவேன்.

"இஞ்சாருங்கோ, அந்தப் பொம்பிளை என்ன சொல்லி அழுகிறாள் எண்டு எனக்கு இன்னும் தெரியாது," என்பாள். "நீங்கள் வெட்டினதுதான் கதையாக் கிடக்கு."

"உனக்கு விளம்பரத்தோடை பாக்கத்தான் விருப்பம்போலை."

"விளம்பரக்காரன் இடைக்கிடைதான் கதைப்பான்."

அவள் அப்படித்தான். சத்தம் போட மாட்டாள், ஒரு வசனத்தைப் போட்டுவிட்டுத் தேங்காய் துருவப் போய்விடுவாள்.

பதிந்த டிவிடிகளைப் பெரிய பிஸ்கற் ரின்களில் அடுக்கினேன். ஒவ்வொன்றின் மேலும் கறுத்தப் பேனையால் என் கையால் எழுதினேன். என் எழுத்தைப் பார்த்துச் சிரிப்பதற்கென்றே அடுத்த வளவில் ஒருவர் இருந்தார். மனுசியின் தமையன், என் மச்சான். கல்விக் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வெடுத்தவர். தங்கச்சியை எனக்குக் கட்டிக் கொடுத்த நாளில் இருந்து என்னை 'நீர்' என்றுதான் கூப்பிடுவார். நான் 'நீங்கள்' என்பேன். அந்த ஒரு சொல்லுத் தூரத்தில் நாற்பது வருடம் ஓடிவிட்டது.

"டிவிடி எண்டு சொல்லாதையும் ஐசே. இறுவட்டு. தமிழிலை சொல் இருக்கு."

"உங்களிட்டைச் சொல் இருக்கு மச்சான், என்னட்டைச் சாமான் இருக்கு," என்பேன்.

அவரிடம் முந்திரிகைத் தோட்டம் ஒன்றும் இருந்தது. திராட்சை என்றால்தான் வெளியூர்க்காரருக்கு விளங்கும். பென்சனில் மினக்கெட்டு வளர்த்த பந்தல். அதற்குத் தண்ணீர் இறைக்கிற மெசினும் நான் பூட்டிக் கொடுத்ததுதான்.

இந்த இடத்தில் மெசினின் ஒரு குணத்தைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. ஒவ்வொரு முறை டிவிடியை வெளியே எடுக்கும்போதும் ரீவியில் ஒரு நீலப் பெட்டி வந்து இங்கிலீசில் ஏதோ கேட்கும். ஓம் அல்லது இல்லை என்று அமத்த வேண்டும். என்ன கேட்கிறது என்று மகளிடம் போனில் கேட்டேன். டிவிடியை முடித்து மூடட்டோ என்று கேட்கிறது, மூடினால் பிறகு அதில் ஒன்றும் பதிய ஏலாது என்றாள். அவள் சொன்னது அவ்வளவுதான். இடம் இருக்கிற டிவிடியை யாராவது மூடுவானா? அரைவாசி நிரம்பிய வெங்காயச் சாக்கைத் தைத்துக் கட்டி வைக்கிற தோட்டக்காரன் இந்தக் குடாநாட்டில் இருக்கிறானா? இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு அந்த இடத்துக்கு ஒரு சாமான் வரும். நான் ஒவ்வொரு முறையும் இல்லை என்றுதான் அமத்தினேன். ஒரு டிவிடியையும் மூடவில்லை.

அந்த டிவிடிகளில் ஒன்றுக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

என் மனுசிக்குப் படம் இல்லை. கலியாண அல்பத்தை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டித் திறப்பை இடுப்பில் சொருகிக்கொண்டுதான் இடம்பெயர்ந்தாள். திரும்பி வந்தபோது திறப்பு மட்டும் இருந்தது. அலுமாரியும் இல்லை, அது சாய்ந்து நின்ற சுவரும் இல்லை. அதற்குப் பிறகு வீட்டில் கமராவை எடுத்தால் அவள் குசினிக்குள் போய்விடுவாள். அடையாள அட்டையில் ஒரு முகம் இருந்தது, அது அவளுடைய முகம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

எங்கள் ஊர்க் கோவில் தேரை உள்ளூர்க் கேபிள் சனல் ஒன்று நேரடியாகக் காட்டத் தொடங்கியிருந்தது. அந்த வருடம் நான் தேருக்குப் போகவில்லை. பதிகிறதற்காக வீட்டில் நின்றேன். வசந்த மண்டபப் பூசையில் வழக்கமாகத் தேவாரம் பாடுகிற பெரியவருக்கு அன்றைக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பெண்கள் பக்கத்தில் இருந்து யாரோ என் மனுசியைப் பிடித்து மைக்குக்கு முன்னால் தள்ளிவிட்டார்கள். உடுவிலில் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் பண்ணோடு படித்தவள் என்று கலியாணம் பேசும்போது சொன்னார்கள்தான். வீட்டில் பாடி நான் கேட்டதில்லை. கேட்க நேரம் இருந்ததா என்பது வேறு விஷயம்.

ரீவியில் அவள் முகம் வந்தது. மாம்பழ நிறச் சேலை. மைக்கைப் பார்க்கவில்லை, கமராவைப் பார்க்கவில்லை, திரைச்சீலையைப் பார்த்துக்கொண்டு பாடினாள். அந்தக் குரல் என் வீட்டில் இத்தனை வருடம் எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. பாடி முடித்ததும் ஏதோ களவெடுத்துப் பிடிபட்டவள் போலத் தலைப்பை இழுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டாள்.

மத்தியானம் வெயிலில் கறுத்து வந்தாள். போட்டுக் காட்டினேன்.

"நிப்பாட்டுங்கோ. வெக்கமாக் கிடக்கு."

"வெக்கமோ? எப்பிடிப் பதிஞ்சிருக்கிறன் பார். நீ பாடத் தொடங்க முன்னம் ஒரு நகைக்கடை விளம்பரம் போச்சுது. தெரியுதே? அறுத்திட்டன்."

"நல்லாப் பாடினனோ எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோவன்."

சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். அந்த டிவிடியின் மேல் 'தேர். அவள்' என்று எழுதி ரின்னில் வைத்தேன்.

அதற்குச் சில வருடங்களுக்குப் பிறகு அவளுக்கு நெஞ்சுநோ வந்தது. ஒரு கிழமை ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். மகளால் வர முடியவில்லை. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் சோதினை, மருமகனுக்கு லீவு இல்லை. அதற்கென்ன, இப்போது எங்கள் ஊரில் செத்தவீட்டையே இன்டர்நெற்றில் நேரடியாகக் காட்டுகிறார்கள். இரண்டு கமராக்காரர் வந்தார்கள், பனைக்கு மேலால் ஒரு றோன் கமராவும் பறந்தது.

"ஐயா, தலைமாட்டுப் பக்கம் கொஞ்சம் அரக்கி நில்லுங்கோ. லண்டனுக்கு உங்கடை முகம் தெரியேல்லையாம்."

அரக்கி நின்றேன். ஒப்பாரி வைக்கிற பெண்களையும் கிட்ட வரச் சொன்னார்கள். பிறகு புல்லாங்குழல் எல்லாம் சேர்த்து, தொடக்கத்தில் பூ விரிகிற மாதிரிச் செய்து, அரைநாள் சடங்கு முழுவதையும் கொண்டுவந்து தந்தார்கள். அப்படித் துல்லியமான படம். அவள் கன்னத்தில் ஈ இருந்தது கூடத் தெரிகிறது. என் மனுசி செத்துக் கிடக்கிற படம் மணிக்கணக்கில் இருக்கிறது, உலகத்தில் எங்கே இருந்தும் பார்க்கலாம். உயிரோடு இருக்கிற படம் ஒரு தேவாரத்தின் நீளம். அதுவும் என் ரின்னுக்குள்.

நான் அந்த ரின்னைத் திறக்கவில்லை. றெக்கோடரும் தூசி பிடித்தது. இருக்கிறது என்ற நினைப்பே போதும் என்றிருந்தேன்.

ஒரு வருடம் முடிந்து ஆட்டைத் திவசத்துக்கு மகள் தனியாக வந்தாள். திவசம் முடிந்த கையோடு வீடு துப்புரவாக்கத் தொடங்கினாள். வெளிநாட்டில் இருந்து வருகிற பிள்ளைகளுக்கு அழத் தெரியாவிட்டால் கூட்டத் தொடங்குவார்கள். அந்த நேரம் பருத்தித்துறையில் ஒரு ஐஸ் தொழிற்சாலையில் மெசின் ஒன்று படுத்துவிட்டது. படித்த பெடியள் பார்த்துக் கைவிட்ட பிறகு எனக்கு ஆள் அனுப்பினார்கள். காலை பஸ் எடுத்துப் போய் மத்தியானத்துக்குள் ஓட விட்டேன். மீன்காரர் அன்பாகத் தந்த பாரை மீனோடு பின்னேர பஸ்ஸில் வந்து இறங்கினேன்.

ஒழுங்கைக்குள் திரும்பியதும் கண்ணில் ஏதோ வெட்டியது. தகரத்தில் வெயில் படுகிறது என்று நினைத்தேன். கிட்டப் போகப் போக, மச்சானின் முந்திரிகைப் பந்தல் முழுவதும் மின்னிக்கொண்டிருந்தது. வெள்ளியும் ஊதாவுமாக நூற்றுக்கணக்கில் வட்டங்கள், காற்றுக்குச் சுற்றிக்கொண்டிருந்தன. மச்சான் கீழே கதிரை போட்டு மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உதென்ன மச்சான் கட்டிக் கிடக்கு?"

"இறுவட்டு. கிளிக்கும் புலுனிக்கும் கட்டினது. மினுக்கத்துக்குப் பயந்து கிட்ட வராதுகள். உம்மடை மகள்தான் தந்தவ. நல்ல பிள்ளை."

"ஆற்றை இறுவட்டு?"

"உம்மடைதான். வெறும் தட்டுகளாமே? கொம்பியூட்டரிலை போட்டுப் பாத்தவவாம், ஒண்டிலையும் ஒரு கோதாரியும் இல்லையாம். இவ்வளவு வருசமும் ரீவிக்கு முன்னாலை றிமோற்றோடை இருந்து நீர் என்னத்தைப் பதிஞ்சீர் ஐசே? காத்தையோ?"

சிரித்தார். அந்தச் சிரிப்பை அவர் நாற்பது வருடமாகச் சேர்த்து வைத்திருந்தார்.

"கழட்டு," என்றேன்.

"என்ன?"

"கழட்டடா எண்டுறன்!"

ஒழுங்கையில் சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்றார். மகள் விளக்குமாறோடு ஓடிவந்தாள்.

"அப்பா, என்ன சத்தம் இது? றோட்டிலை ஆக்கள் பாக்கினம்."

"உன்ரை கொம்மாவை எந்தக் கொடியிலை கட்டி வைச்சிருக்கிறாய்?"

"என்ன?"

"கொம்மா தேவாரம் பாடின டிவிடி. தேர் அண்டைக்கு ரீவியிலை வந்தது. அது உதுக்குள்ளைதான் தொங்குது."

மகளின் கையில் இருந்து விளக்குமாறு விழுந்தது. "அம்மா ரீவியிலை பாடினவவோ? எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?"

"சொன்னனான். அண்டைக்கே போனிலை சொன்னனான். நீ காதிலை விழுத்தேல்லை."

"தேர் நேரடியாப் போனதைப் பதிஞ்சனீங்கள், விளம்பரம் ஒண்டும் வராமல் அறுத்தனீங்கள் எண்டு சொன்னீங்கள் அப்பா. அம்மாவைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை."

மச்சான் வீட்டு ஏணியை எடுத்துச் சாய்த்தேன். கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தார்கள். கம்பி ஒவ்வொரு டிவிடியின் மினுங்குகிற பக்கத்தையும் உரஞ்சிக் கோடு போட்டிருந்தது. பந்தலுக்கு அன்றைக்கு அடித்த நீல மருந்து சொட்டுச் சொட்டாக எல்லாவற்றிலும் காய்ந்திருந்தது. ஏணியில் நின்று ஒவ்வொன்றாகத் திருப்பி எழுத்தைப் பார்த்தேன். சீரியல், பட்டிமன்றம், சீரியல், பூங்காவனம், சீரியல். மகள் கீழே நின்று கைக்கு எட்டினதைக் கழற்றினாள். மச்சானும் வந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மற்றக் கரையில் இருந்து தொடங்கினார்.

கண்டுபிடித்தது அவர்தான். கிணற்றடிப் பக்கம், கடைசி வரிசையில்.

"தேர். அவள்," என்று வாசித்தார். பிறகு குரல் மாறி, "இந்தாரும்," என்று நீட்டினார். சாதாரணமாக என் எழுத்தை வாசித்தால் ஒரு பிழையாவது சொல்லாமல் விடமாட்டார். அன்றைக்குச் சொல்லவில்லை. அவருக்கும் அவள் தங்கச்சிதானே.

மகள் கிணற்றுக் கட்டில் இருந்து போனில் எதையோ தேடி வாசித்தாள்.

"அப்பா, உந்த டிவிடியளைக் கடைசியா மூடோணுமாம். மூடாட்டில் பதிஞ்ச மெசினிலை மட்டும்தானாம் ஓடும். வேறை ஒண்டுக்கும் அது வெறும் தட்டுத்தானாம். நீங்கள் மூடினனீங்களோ?"

"இடம் கிடக்க என்னத்துக்கு மூடுறது?"

மகளும் மச்சானும் ஆளை ஆள் பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். படித்தவர்கள் தங்களுக்குள் பார்க்கிற பார்வை. அப்படிப் பார்க்கட்டும். ஒரு சாமானை அதைச் செய்தவன் ஒழுங்காகச் செய்திருந்தால், மூடினாலும் மூடாவிட்டாலும் அதற்குள் இருக்கிறது இருக்க வேண்டும். அறைக் கதவைப் பூட்டாமல் விட்டால் உள்ளே இருக்கிற ஆள் இல்லாமல் போய்விடுவாரா?

டிவிடியைச் சவுக்காரம் போட்டுக் கழுவினேன். நீலம் போனது, கோடுகள் நின்றன. றெக்கோடரின் தட்டு இறுகி வெளியே வர மறுத்தது. மூடியைக் கழற்றி, பல்லுச் சக்கரத்துக்கு எண்ணெய் தொட்டு, உள்ளே இருக்கிற கண்ணாடிப் பொட்டை ஓடிக்கொலோன் நனைத்த பஞ்சால் ஒற்றி எடுத்தேன். அந்தப் பொட்டின் அளவு ஒரு உழுந்து. என் வயதில் கை நடுங்காமல் அதைச் செய்யக்கூடியவன் இந்தப் பக்கத்தில் வேறு ஒருவன் இருந்தால் வரச் சொல்லுங்கள். மின்சாரம் கொடுத்தேன். மெசின் ஒருமுறை இருமி, டிவிடியைப் பிடித்துக்கொண்டது.

மச்சான் விறாந்தைக் கதவடியில் வந்து நின்றார். 'அடா' போட்ட வீட்டுக்குள் ஏறுவதா விடுவதா என்று நின்றிருப்பார். நான் வாருங்கோ என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

"முதல் நான் போனிலை எடுக்கிறன் அப்பா," என்றாள் மகள். "பிறகு இதே மெசினிலை வைச்சு மூடுவம். மூடினால் லண்டனிலையும் ஓடும்." ரீவிக்கு நேரே கதிரை போட்டு, போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

மாம்பழ நிறச் சேலை வந்தது.

மகள் ஒரு சத்தமும் போடவில்லை. தோள் மட்டும் குலுங்கியது, போன் ஆடாமல் இருக்க முழங்கையைத் தொடையில் ஊன்றினாள். மச்சான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். சின்ன வயதில் அவர்தான் அவளைப் பண்ணிசை வகுப்புக்குச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனவர் என்பது எனக்குப் பிறகுதான் நினைவு வந்தது. படம் இடைக்கிடை சதுரம் சதுரமாக உடைந்து திரும்பச் சேர்ந்தது. ஆனாலும் ஓடியது. கடைசி வரைக்கும் ஓடியது.

பிறகு நீலப் பெட்டி வந்தது. முதல்முறையாக ஓம் என்று அமத்தினேன். மெசின் உறுமத் தொடங்கியது. ஒரு கோடு நிரம்பிக்கொண்டு போய் நடுவில் நின்றது. உறுமல் உயர்ந்து, கரகரத்து, அடங்கியது. இங்கிலீசில் ஒரு வசனம் வந்தது. மகள் அதை இரண்டு தரம் வாசித்தாள்.

"சொல்லு."

"ஏலாதாம் அப்பா. தட்டிலை பழுதாம்."

வெளியே எடுத்துத் திரும்பப் போட்டேன். பதிந்த மெசினுக்கே அது வெறும் தட்டாகிவிட்டது. மச்சானைத் திரும்பிப் பார்த்தேன்.

"உன்ரை கம்பி," என்றேன்.

அவர் படி இறங்கிப் போனார். அதற்குப் பிறகு நாங்கள் கதைப்பதில்லை. அவருடைய இறைப்பு மெசினை இப்போது வேறு ஆள் வந்து திருத்துகிறான், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை படுக்கிறது. கிளிகளும் வருகின்றன.

"பரவாயில்லை அப்பா, போனிலை கிடக்கு," என்றாள் மகள். அவள் லண்டனுக்குப் போய்ச் சேர்ந்து இரண்டு கிழமைக்குப் பிறகு அதை எனக்கு அனுப்பினாள். அதற்குள் கனடா, சுவிஸ், அவுஸ்திரேலியா எல்லா இடத்துச் சொந்தக்காரருக்கும் அனுப்பிவிட்டாள். கனடாவில் இருந்து என் தம்பிதான் முதலில் போன் எடுத்தான்.

"அண்ணை, பாத்தம். அண்ணியைக் கண்டது சந்தோசம். உங்கடை குரல் நல்ல கணீரெண்டு விழுந்திருக்கு."

என்ன சொல்கிறான் என்று விளங்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனைத் திறந்தேன். ரீவித் திரை தெரிகிறது. மாம்பழ நிறச் சேலை. அவள் வாயைத் திறக்கிறாள். ஒரு ஆம்பிளைக் குரல் தொடங்குகிறது.

"பார், பார், இந்த இடம். இதுக்கு முன்னம் ஒரு நகைக்கடை விளம்பரம். தெரியுதே? தெரியாது. அங்கை நிக்கிறவருக்கும் சொல்லு பிள்ளை, காத்தையோ பதிஞ்சனான் எண்டு கேட்டவர், இப்ப வந்து பாக்கட்டாம். நான் அண்டைக்குத் தேருக்குப் போயிருந்தால் இது கிடைச்சிருக்குமே? ஊர் முழுக்கத் தேரடியிலை, நான் ஒருத்தன்தான் வீட்டிலை. அந்தக் கண்ணாடியை இப்ப துடைச்சனே, கொழும்பிலையும் செய்யமாட்டாங்கள் இந்த வேலை..."

அவள் பாடிக்கொண்டிருக்கிறாள். வாய் அசைகிறது, கழுத்து நரம்பு தெரிகிறது. போன் எனக்குக் கிட்ட இருந்தது, ரீவி தூர இருந்தது. முழுத் தேவாரத்துக்கும் கதைத்துக்கொண்டிருப்பது நான்.

மகளுக்குப் போன் எடுத்தேன்.

"ஏன் பிள்ளை, வாயை மூடுங்கோ எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?"

அந்தப் பக்கம் கேத்தில் கொதிக்கிற சத்தம் கேட்டது.

"சொன்னால் கேக்கிற ஆளோ அப்பா நீங்கள்?"

"சத்தத்தைப் பிரிக்க ஏலாதோ? என்ரையை எடுத்துப்போட்டு..."

"கேட்டுப் பாத்தனான். ரெண்டும் ஒண்டோடை ஒண்டு கலந்து போச்சாம். ஒண்டை எடுத்தால் மற்றதும் போயிடுமாம்."

சனல்காரரிடமும் போனேன். அவர்கள் பழையவற்றை வைத்திருப்பதில்லையாம், அழித்துவிட்டு அழித்துவிட்டுத்தான் பதிவார்களாம். வேறு யாராவது பதிந்திருப்பார்களா என்று கோவிலடியில் விசாரித்தேன். ஒருவரும் இல்லை. ஒழுங்கையில் றெக்கோடர் வைத்திருந்தது நான் ஒருவன்தானே.

இப்போது பின்னேரத்தில் போனைக் காதோடு வைத்துக் கேட்கிறேன், படம் பார்ப்பதில்லை. நகைக்கடை விளம்பரத்தைச் சொல்லிவிட்டு நான் ஒருமுறை மூச்சு எடுக்கிறேன். மச்சானைக் குத்திவிட்டு ஒருமுறை எடுக்கிறேன். கொழும்பு என்று சொல்ல முன்னம் ஒருமுறை இருமுகிறேன். அந்த இடங்களில் மட்டும் அவள் கேட்கிறாள். அவை எங்கெங்கே வருகின்றன என்று எனக்குப் பாடம்.